யூசர்ப்: உரியவர் ஒருவர் இருந்தால்தான் பொருந்தும் வினைச்சொல்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மொழிபெயர்ப்பை மெய்ப்புப் பார்க்கும் வேலை என்னிடம் வந்தது. தமிழ் மூலத்தில் ஒரு சாதாரண வாக்கியம்: ‘தேர்தலில் அறுதிப் பெரும்பான்மை பெற்று அந்தக் கட்சி ஆட்சியைக் கைப்பற்றியது.’ செய்தித்தாள் படிக்கிற எவரும் எத்தனையோ முறை கடந்து வந்திருக்கக்கூடிய வாக்கியம். மொழிபெயர்த்த இளைஞர் அகராதியைப் புரட்டி, ‘கைப்பற்று’ என்பதற்கு நேராக இருந்த ஆங்கிலச் சொற்களில் ஒன்றை எடுத்துப் போட்டிருந்தார். அந்தச் சொல் ‘யூசர்ப்’. மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த ஒரு கட்சி, தனக்கு உரிமையே இல்லாத ஆட்சியை உரியவரிடமிருந்து பறித்துக்கொண்டது என்று ஆங்கில வாக்கியம் சொன்னது. ஒரு வினைச்சொல் மாறியதில் வெற்றிச் செய்தி குற்றச்சாட்டாகிவிட்டது.

அச்சுக்குப் போவதற்கு முன்பே திருத்திவிட்டோம். ஆனால் அந்தத் தம்பி கேட்ட கேள்வி நியாயமானது. “அகராதியில ரெண்டுக்கும் ஒரே பொருள்தானே சார் போட்டிருக்கு?” அன்றைக்கு வேலை அவசரத்தில் இரண்டு வரியில் பதில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன். அவருக்கு விரிவாகச் சொல்லியிருக்க வேண்டியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

யூசர்ப் என்ற வினை நடக்க மூன்று விஷயங்கள் கூடிவர வேண்டும். முதலில், அந்த இடமோ அதிகாரமோ உரிமையோ நியாயப்படி வேறொருவருக்கு உரியதாக இருக்க வேண்டும். அடுத்து, உரிமையில்லாத ஒருவர் அதை எடுத்துக்கொள்ள வேண்டும். பலத்தால் எடுக்கலாம், தந்திரத்தால் எடுக்கலாம், சத்தமே இல்லாமலும் எடுக்கலாம். மூன்றாவதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள்: எடுத்தவர் அதைத் தன்னுடையது போலவே நடத்த வேண்டும். அரண்மனைக்குள் புகுந்து மணிமுடியைத் தூக்கிக்கொண்டு போய் உருக்கி விற்றவன் திருடன். அவன் செய்ததை யூசர்ப் என்று யாரும் சொல்வதில்லை. அதே மணிமுடியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, அரியணையில் அமர்ந்து, ஆணை பிறப்பிக்கிறான் பாருங்கள், அவனுக்குத்தான் ‘யூசர்ப்பர்’ என்று பெயர்.

இந்த மூன்றாவது அம்சம் சொல்லின் வேரிலேயே இருக்கிறது. அந்த வேர் தமிழர்களுக்குச் சுலபமாகப் பிடிபடக்கூடியது என்பதால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

ஆங்கிலத்துக்கு இந்தச் சொல் பதினான்காம் நூற்றாண்டில் பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. மூலம் லத்தீன், வடிவம் ‘ஊசுர்பாரே’. ‘ஊசுஸ்’ என்றால் பயன்பாடு, ‘ராபெரே’ என்றால் பற்றி எடுத்தல். இரண்டும் சேர்ந்த சொல் இது என்று சொல்லாய்வாளர்கள் விளக்குகிறார்கள். ‘யூஸ்’, ‘யூஷுவல்’ போன்ற ஆங்கிலச் சொற்கள் முதல் பாதியின் குடும்பம். இரையைப் பாய்ந்து பற்றும் பறவைகளைக் குறிக்கும் ‘ராப்டர்’ இரண்டாம் பாதியின் குடும்பம். ஆக, எடுத்துப் பயன்படுத்துதல் என்பது நேர்ப்பொருள். தமிழில் இதற்கு அச்சு அசலாக ஒரு சொல் இருக்கிறது: எடுத்தாளுதல். நல்ல லத்தீன் எழுத்தாளர்கள் ‘ஒரு சொல்லை எடுத்தாண்டார்’ என்று சொல்ல வேண்டிய இடத்திலும் ஊசுர்பாரே என்ற வினையையே பயன்படுத்தினார்கள். அதில் குற்றம் எதுவும் இல்லை.

தமிழில் ஆளுதல் என்றால் அரசாளுதலும் உண்டு, பயன்படுத்துதலும் உண்டு. சொல்லாட்சி என்கிறோம், கையாளுதல் என்கிறோம், பத்திரங்களில் ‘ஆண்டு அனுபவித்து வருகிற’ என்று எழுதுகிறோம். ஒரு பொருளைத் தொடர்ந்து பயன்படுத்துகிறவர் மெல்ல அதன் அதிபதியாகிவிடுகிறார் என்ற உண்மை நம் மொழிக்குள்ளேயே பதிந்திருக்கிறது. யூசர்ப் என்ற சொல்லும் அதே உண்மையின் மேல்தான் நிற்கிறது. அனுபோகம் எப்போது உரிமையாகிறது, எப்போது அபகரிப்பாகிறது என்ற கேள்விதான் அதன் வரலாறு.

பழைய ரோமானியச் சட்டத்தில் இந்தக் கேள்வி வெளிப்படையாகவே வருகிறது. ஒருவர் ஒரு நிலத்தை இரண்டு ஆண்டு தடையில்லாமல் அனுபவித்தால், சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு அது அவருக்கே சொந்தமாகிவிடும். அசையும் பொருளுக்கு ஓராண்டு போதும். இடையில் அந்த அனுபோகம் முறிந்தால், முறிவுக்குப் பெயர் ‘ஊசுர்பாட்டியோ’. திருமணத்துக்கும் இதே விதி இருந்தது. ஒரு பெண் கணவனோடு ஓராண்டு தொடர்ந்து வாழ்ந்தால் அவனுடைய சட்ட அதிகாரத்துக்குள் வந்துவிடுவாள். அதை விரும்பாத பெண்ணுக்கு, கி.மு. 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பன்னிரு பலகைச் சட்டம் ஒரு வழி வைத்திருந்தது: ஒவ்வோர் ஆண்டும் தொடர்ந்து மூன்று இரவுகள் வீட்டை விட்டு வெளியே தங்கினால் போதும், அந்த ஆண்டின் கணக்கு முறிந்துவிடும். அந்த முறிவைச் சொல்லவும் இதே சொல்தான்.

இன்று பறிப்பவனைக் குறிக்கும் சொல், அன்று ஒரு பெண் தன்னைப் பறிகொடுக்காமல் காத்துக்கொண்ட செயலைக் குறித்தது. முதன்முதலில் இதைப் படித்த நாளில் இந்தச் சொல்லின் மேல் எனக்கு வந்த பற்று இன்னும் குறையவில்லை. பிற்கால லத்தீனில் பொருள் சாய்ந்தது. எடுத்தாளுதல், உரிமையின்றி எடுத்தாளுதலாகிவிட்டது. ஆங்கிலத்துக்கு வந்து சேர்ந்தது அந்தச் சாய்ந்த பொருள்தான்.

உச்சரிப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அழுத்தம் இரண்டாம் அசையில் விழுகிறது: யூ-ஸர்ப். நடுவில் வரும் ஒலியைச் சிலர் ஸகரமாகவும் சிலர் அதிர்வுள்ள இசட் ஒலியாகவும் சொல்வார்கள், இரண்டும் சரியே. செயலின் பெயர் யூசர்ப்பேஷன். செய்தவர் யூசர்ப்பர். ‘யூசர்’ என்ற சொல்லோடு காதில் குழம்பக்கூடும், வேர் ஒன்றுதான் என்றாலும் பொருள் வேறு. கடும் வட்டியைக் குறிக்கும் ‘யூஷரி’யும் அதே வேரில் பிறந்த இன்னொரு சொல்.

இலக்கணத்தில் ஒரே ஒரு இடம் கவனிக்க வேண்டியது. இது செயப்படுபொருள் குன்றா வினை, அதாவது எதை என்ற கேள்விக்குப் பதில் வந்தே ஆக வேண்டும். அந்தப் பதில் பெரும்பாலும் ஆள் அல்ல, இடம். யூசர்ப் த த்ரோன், யூசர்ப் பவர், யூசர்ப் அத்தாரிட்டி, யூசர்ப் ஏ ரைட், யூசர்ப் த ரோல் என்று வரும். அரியணையை, அதிகாரத்தை, உரிமையை, பொறுப்பை. ‘யூசர்ப் த கிங்’ என்று ஆளைச் செயப்படுபொருளாக வைத்து எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள், சில அகராதிகள் ‘ஒருவர் இடத்தைப் பிடித்தல்’ என்ற பொருளில் அதற்கு இடமும் தருகின்றன. ஆனாலும் தொடக்கநிலையில் இருப்பவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம் என்பதே என் எண்ணம். அரசனைத் தள்ளினான் என்று சொல்ல ‘டிபோஸ்’, ‘அவுஸ்ட்’, ‘ஓவர்த்ரோ’ என்று வேறு சொற்கள் காத்திருக்கின்றன. அவையெல்லாம் விழுந்தவரைப் பார்க்கும் சொற்கள். யூசர்ப் பார்ப்பது நாற்காலியை.

இந்த வேறுபாட்டால் ஒன்றில்லாமல் மற்றொன்று நடக்கலாம். கொடுங்கோலனை மக்கள் திரண்டு விரட்டிவிட்டு, முறைப்படி தேர்தல் நடத்தினால் அங்கே ஓவர்த்ரோ உண்டு, யூசர்ப் இல்லை. மறுபுறம், யாரையும் விரட்டாமலே ஒருவர் யூசர்ப் செய்யலாம். அதற்கு ஒரு துல்லியமான எடுத்துக்காட்டு பாகிஸ்தானின் வரலாற்றில் இருக்கிறது.

1969 மார்ச் 25. அதிபர் அயூப் கான் பதவி விலகுகிறார். அப்போது நடப்பில் இருந்த 1962ஆம் ஆண்டு அரசமைப்பின்படி, அதிபர் இடம் காலியானால் தேசிய சட்டமன்றத்தின் சபாநாயகர் தற்காலிக அதிபராக வேண்டும். ஆனால் அயூப் கான் ஆட்சியைத் தரைப்படைத் தளபதி யாஹ்யா கானிடம் ஒப்படைத்தார். யாஹ்யா கான் ராணுவச் சட்டத்தை அறிவித்து, அரசமைப்பை ரத்துசெய்து, அதிபராகவும் ஆனார். அயூப் கானிடமிருந்து அவர் பறிக்கவில்லை. அவர் கொடுத்தார், இவர் வாங்கிக்கொண்டார். பார்வைக்கு அது ஓர் ஒப்படைப்பு.

மூன்று ஆண்டுகள் கழித்து, 1972இல், அஸ்மா ஜிலானி என்ற இளம்பெண் தன் தந்தையின் தடுப்புக்காவலை எதிர்த்துத் தொடுத்த வழக்கில் பாகிஸ்தான் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. யாஹ்யா கான் ஆட்சியை எடுத்துக்கொண்டது சட்டவிரோதம், அவர் ஒரு யூசர்ப்பர் என்றது நீதிமன்றம். வெற்றிபெற்ற ராணுவப் புரட்சி தானாகவே சட்டத்தகுதி பெற்றுவிடும் என்று 1958இல் அதே நீதிமன்றம் சொன்ன தீர்ப்பையும் தூக்கி எறிந்தது.

இந்தத் தீர்ப்பின் தர்க்கத்தில் யூசர்ப் என்ற சொல்லின் முழு உருவமும் தெரிகிறது. அயூப் கான் மனமுவந்து கொடுத்தார் என்பது கணக்கில் வரவில்லை. ஏனென்றால் அதிபர் பதவி அவர் வீட்டுச் சொத்து அல்ல, விரும்பியவருக்கு எழுதிவைக்க. அவர் விலகும் கணத்தில் அது யாருக்குப் போக வேண்டும் என்று சட்டம் முன்பே சொல்லியிருக்கிறது. உரியவர் சபாநாயகர். ஆகவே, கையை நீட்டி அமைதியாக வாங்கிக்கொண்டவரும் யூசர்ப்பர்தான். இந்தச் சொல்லுக்கு ரத்தமோ துப்பாக்கியோ கட்டாயம் தேவை என்று நினைக்கிறவர்களுக்கு நான் முதலில் காட்டும் எடுத்துக்காட்டு இதுதான்.

கூடவே ஒரு கசப்பான விவரம். தீர்ப்பு வந்தபோது யாஹ்யா கான் பதவியில் இல்லை. 1971 டிசம்பரில் போரில் தோற்று, பதவியையும் இழந்திருந்தார். நாற்காலியில் அமர்ந்திருப்பவரை நேருக்கு நேராக இந்தச் சொல்லால் அழைக்க ஒரு நாட்டின் நீதிமன்றத்துக்கே காலம் கனிய வேண்டியிருக்கிறது. வரலாறு நெடுகிலும் அப்படித்தான். இந்தச் சொல்லை உரக்கச் சொல்ல முடிந்தவர்கள் பெரும்பாலும் அடுத்து வந்தவர்கள்.

இங்கிலாந்தின் மூன்றாம் ரிச்சர்டு கதையில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். 1483 ஏப்ரலில் அரசன் நான்காம் எட்வர்டு இறந்தபோது மூத்த மகனுக்கு வயது 12. பையனின் சிற்றப்பனான ரிச்சர்டு, நாட்டின் பாதுகாவலர் பொறுப்பை ஏற்றார். இடம் கொடுத்தால் மடம் பிடுங்குவது என்று நாம் சொல்வது இதைத்தான். இரண்டே மாதத்தில், அண்ணனின் திருமணமே செல்லாது, ஆகவே பிள்ளைகளுக்கு அரசுரிமை கிடையாது என்ற வாதம் கிளப்பப்பட்டது. ஜூன் 26 அன்று ரிச்சர்டு அரசரானார். சிறுவன் எட்வர்டும் அவன் தம்பியும் லண்டன் கோபுரத்துக்குள் இருந்தார்கள். அந்தக் கோடைக்குப் பிறகு அவர்களை யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை.

ரிச்சர்டின் கண்ணில் அவர் எதையும் பறிக்கவில்லை. பிள்ளைகள் வாரிசல்ல என்றால் அடுத்த உரியவர் அவர்தான். 1484இல் நாடாளுமன்றமும் அதைச் சட்டமாக்கிக் கொடுத்தது. 1485 ஆகஸ்ட் 22 அன்று பாஸ்வொர்த் போர்க்களத்தில் ரிச்சர்டு கொல்லப்பட்டு ஏழாம் ஹென்றி அரசரானதும் எல்லாம் தலைகீழானது. ஹென்றியின் நாடாளுமன்றம் அந்தச் சட்டத்தை ரத்துசெய்து, அதன் பிரதிகளை அழிக்கவும் உத்தரவிட்டது. யூசர்ப்பேஷனால் தன்னை மூன்றாம் ரிச்சர்டு என்று அழைத்துக்கொண்டவர் என்று பழைய அரசரைப் பதிவுசெய்தது. அதோடு, தன் ஆட்சி ஆகஸ்ட் 21 அன்றே, அதாவது போருக்கு முந்தைய நாளே, தொடங்கிவிட்டது என்று ஹென்றி தேதி போட்டுக்கொண்டார். அந்த ஒருநாள் கணக்கினால், ரிச்சர்டுக்காக வாள் எடுத்தவர்களெல்லாம் தங்கள் அரசனுக்கு எதிராகப் போரிட்ட துரோகிகளாகிவிட்டார்கள்.

இதிலிருந்து மொழியைப் பயன்படுத்துகிற நமக்குத் தெரிய வேண்டியது ஒன்று. யூசர்ப் என்பது நடந்ததைச் சொல்லும் சொல் மட்டுமில்லை, நடந்ததன் மேல் தீர்ப்பும் சொல்கிறது. ‘ரிச்சர்டு டுக் த த்ரோன்’ என்று எழுதினால் அரியணை ஏறினார் என்ற தகவல் மட்டும். ‘ரிச்சர்டு யூசர்ப்ட் த த்ரோன்’ என்று எழுதினால், அது அந்தச் சிறுவனுக்குத்தான் உரியது என்று எழுதுகிறவர் கையெழுத்துப் போடுகிறார். அதனால்தான் நிதானமான வரலாற்றாசிரியர்கள் இந்தச் சொல்லை அளந்து போடுகிறார்கள். நாமும் இந்தச் சொல்லை எழுதும் முன் ‘உரியவர் யார்?’ என்று கேட்டுக்கொள்ள வேண்டும். பெயர் சொல்லிப் பதில் தர முடிந்தால் எழுதலாம். முடியாவிட்டால் எடுத்தல், பற்றுதல் என்று மட்டும் சொல்லும் ‘டேக்’, ‘சீஸ்’ போதும்.

உரியவர் ஒரு தனிமனிதராக இருக்க வேண்டும் என்பதில்லை. சட்டமன்றமாக இருக்கலாம், நீதிமன்றமாக இருக்கலாம், மக்களாகவும் இருக்கலாம். 1776ஆம் ஆண்டு அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தில் யூசர்ப்பேஷன் என்ற சொல் பன்மையில் மூன்று இடங்களில் வருகிறது. குற்றம்சாட்டப்பட்டவர் பிரிட்டிஷ் அரசர் மூன்றாம் ஜார்ஜ். அவர் எவருடைய அரியணையையும் திருடவில்லை, முறையாக முடிசூடிய அரசர்தான். பிறகு ஏன் அந்தச் சொல்? குடியேற்றங்களின் சட்டமன்றங்களுக்கும் மக்களுக்கும் உரிய அதிகாரங்களை, அவர்கள் ஒப்புதல் இல்லாமல் வரி விதிப்பது போன்றவற்றை, லண்டனில் இருந்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள் என்பது புகார். தன் நாற்காலியில் முறையாக அமர்ந்திருப்பவரும் பக்கத்து நாற்காலிக்குரிய வேலையைச் செய்யத் தொடங்கினால் யூசர்ப் பொருந்தும்.

இங்கே கொடுங்கோன்மையோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஆங்கிலேயச் சிந்தனையாளர் ஜான் லாக் பதினேழாம் நூற்றாண்டிலேயே கோடு கிழித்துக் காட்டியிருக்கிறார். வேறொருவருக்கு உரிமையுள்ள அதிகாரத்தை ஒருவர் செலுத்தினால் அது யூசர்ப்பேஷன். எவருக்குமே இருக்க முடியாத அதிகாரத்தைச் செலுத்தினால் கொடுங்கோன்மை. அபகரித்தவர் நல்லாட்சி தரலாம், அப்போதும் அவர் யூசர்ப்பர்தான். முறையான வாரிசு கொடூரனாக இருக்கலாம், அவரை அந்தப் பெயரால் அழைக்க முடியாது. சொல்லின் கேள்வி ‘எப்படி ஆண்டார்’ என்பதல்ல. ‘ஆள வந்தது எந்த உரிமையில்’ என்பதுதான்.

‘எந்த உரிமையில்?’ என்ற அதே கேள்வி சட்டத்தில் ஒரு பேராணையின் பெயராகவே இருக்கிறது. லத்தீனில் ‘குவோ வாரண்டோ’, நம் பாடநூல்களில் தகுதிமுறை வினவும் நீதிப்பேராணை. பொதுப் பதவி ஒன்றில் தகுதியில்லாதவர் அமர்ந்திருக்கிறார் என்று தோன்றினால், எந்த அதிகாரத்தின்பேரில் இங்கே அமர்ந்திருக்கிறீர்கள் என்று நீதிமன்றம் அவரைக் கேட்கும். இந்திய அரசமைப்பின் 32, 226ஆம் உறுப்புகளில் இந்தப் பேராணையின் பெயர் நேரடியாகவே இருக்கிறது. இவ்வகை வழக்குகளின் தீர்ப்புகளைப் படிக்கிறவர்கள் ‘யூசர்ப்பர் ஆஃப் பப்ளிக் ஆஃபீஸ்’ என்ற தொடரை அடிக்கடி சந்திப்பார்கள். அங்கே யாரும் வாளோடு வந்தவர் இல்லை. உரிய கல்வித்தகுதி இல்லாமலோ, நியமன விதியை மீறியோ ஒரு நாற்காலிக்கு வந்தவராக இருப்பார். ‘சட்டமன்றத்தின் பணியை நீதிமன்றம் யூசர்ப் செய்ய முடியாது’ என்ற வகை வாக்கியமும் தீர்ப்புகளில் சகஜம்.

பக்கத்துச் சொற்களைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ‘சீஸ்’ என்பது பற்றுதல், நியாயம் அநியாயம் இரண்டுக்கும் பொது. காவல்துறை கடத்தல் பொருளைப் பிடிப்பதும் சீஸ்தான். ‘என்குரோச்’ என்பது வரப்பை வருடாவருடம் ஒரு சாண் வெட்டித் தன் பக்கம் சேர்ப்பது போன்றது, நாம் ஆக்கிரமிப்பு என்கிறோம். யூசர்ப் அப்படி ஓரத்தைக் கடிக்காது, இடத்தையே எடுத்துக்கொள்ளும். ‘சப்ளாண்ட்’ என்றால் ஒன்றின் இடத்துக்கு மற்றொன்று வருவது, அது திறமையாலும் நடக்கலாம் சூழ்ச்சியாலும் நடக்கலாம்.

‘அரோகேட்’ மட்டும் மிக நெருக்கமாக நின்று ஏமாற்றும். தனக்கில்லாத உரிமையைத் தனக்கு இருப்பதாக வரித்துக்கொள்வது அரோகேட். ‘டு ஹிம்செல்ஃப்’, ‘டு இட்செல்ஃப்’ போன்ற தொடர் பெரும்பாலும் ஒட்டிவரும். அங்கே வெளிச்சம் எடுத்துக்கொண்டவரின் அகந்தை மேல் விழுகிறது. யூசர்ப்பில் வெளிச்சம் பறிகொடுத்தவரின் காலியான இடத்தின் மேல்.

அரண்மனையும் நீதிமன்றமும் தாண்டி அன்றாட ஆங்கிலத்திலும் இந்தச் சொல் புழங்குகிறது. ஒரு சங்கம் இருக்கிறது, முடிவுகளைச் செயற்குழு எடுக்க வேண்டும் என்பது விதி. செயலாளர் சுறுசுறுப்பானவர். முதலில் கடிதங்களைத் தாமே அனுப்பத் தொடங்குகிறார், பிறகு செலவுக்கு ஒப்புதல் தருகிறார், பிறகு கூட்டமே நடப்பதில்லை. ஓர் உறுப்பினர் எழுந்து, செயலாளர் குழுவின் அதிகாரத்தை யூசர்ப் செய்துவிட்டார் என்றால் அந்தச் சொல் மிகச் சரியாகப் பொருந்துகிறது. உரிய குழு இருக்கிறது, எடுத்துக்கொண்டவர் இருக்கிறார், அவர் அதைத் தன்னுடையதாகவே நடத்துகிறார். செயலாளர் நல்ல நோக்கத்தோடு செய்திருக்கலாம், வேலையும் நன்றாக நடந்திருக்கலாம். இருந்தாலும் சொல் பொருந்தும், காரணத்தை மேலே பார்த்தோம்.

உருவகமாகவும் வரும். அச்சம் அறிவின் இடத்தை யூசர்ப் செய்தது என்று எழுதலாம், ஏனென்றால் முடிவெடுக்க வேண்டியது அறிவு என்ற உரிமைக் கணக்கு அதில் இருக்கிறது. ஆனால் ‘கடிதத்தின் இடத்தை மின்னஞ்சல் யூசர்ப் செய்தது’ என்று சிலர் எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை. அது வெறும் இடமாற்றம், ‘ரீப்ளேஸ்’ போதும். கடிதம்தான் அந்த இடத்துக்கு உரியது, மின்னஞ்சல் அநியாயமாக நுழைந்தது என்று எழுதுகிறவர் மனதார நம்பினால் மட்டுமே அந்த வாக்கியத்துக்கு உயிர் இருக்கும்.

உயிரியலாளர்கள் இதைக் கலைச்சொல்லாகவே வைத்திருக்கிறார்கள். பம்பிள்பீ என்ற தேனீ வகையில், வசந்தத்தில் ராணி தனியாளாகக் கூடு கட்டி, முட்டையிட்டு, முதல் வேலைக்காரத் தேனீக்களை வளர்த்தெடுக்கும். தாமதமாக விழித்த இன்னொரு ராணி சில நேரம் அந்தக் கூட்டுக்குள் நுழைந்து பழைய ராணியோடு சண்டையிடும். நுழைந்த ராணி வென்றால் கூடும் அதற்கே, வேலைக்காரத் தேனீக்களும் அதற்கே. கூட்டைச் சோதிப்பவர்கள் உள்ளே இறந்துகிடக்கும் ராணிகளைப் பார்த்திருக்கிறார்கள். இதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘நெஸ்ட் யூசர்ப்பேஷன்’. கூட்டை அழிக்கவில்லை, தேனை மட்டும் திருடிக்கொண்டு போகவில்லை, உள்ளே அமர்ந்து ஆள்கிறது. எடுத்தாளுதல் என்ற பழைய வேர் அப்படியே நிற்கிறது.

இனி தமிழாக்கம். யூசர்ப்பைத் தமிழில் சொல்ல எனக்குத் தெரிந்தவரை மிக நெருங்கிய சொல் ‘அபகரி’. உரியவர் ஒருவர் இருக்கிறார், எடுத்தது அநியாயம் என்ற இரண்டும் அதில் இருக்கின்றன. அரியணையை அபகரித்தான், உரிமையை அபகரித்தார்கள். பழைய மணம் வேண்டுமென்றால் ‘வௌவு’ இருக்கிறது, இன்றைய உரைநடையில் கொஞ்சம் கனமாக ஒலிக்கும். ‘பறி’யும் நல்ல சொல்தான், ஆனால் அதில் இழந்தவரின் இழப்பு தெரிகிற அளவுக்கு எடுத்தவர் அமர்ந்து ஆள்வது தெரியாது. ‘பறித்துக்கொள்’ என்று சேர்த்தால் சற்று நெருங்கும். ‘பறிமுதல்’ வேண்டவே வேண்டாம், அது அரசு சட்டப்படி செய்வது. ‘ஆக்கிரமி’ நிலத்துக்கும் நாட்டுக்கும் பொருந்தும், அரியணைக்குப் பொருந்தாது.

‘கைப்பற்று’தான் பெரிய பொறி. தேர்தலில் வென்றாலும் கைப்பற்றினார்கள், கோப்பையை வென்றாலும் கைப்பற்றினார்கள், கள்ளக்கடத்தல் தங்கத்தைப் பிடித்தாலும் கைப்பற்றினார்கள் என்றே எழுதுகிறோம். அதில் அநியாயம் என்ற வாடையே இல்லை. ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வரும்போது இந்தச் சொல்லைப் போட்டால் குற்றச்சாட்டு காணாமல் போகும். தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும்போது யூசர்ப் போட்டால் இல்லாத குற்றச்சாட்டு முளைக்கும். கைப்பற்று என்று போட்டே தீர வேண்டிய இடத்தில் ‘முறைதவறி’, ‘உரிமையின்றி’ என்று ஓர் அடையைச் சேர்த்துவிட்டால் பாதி காயம் ஆறும்.

அதிகாரம் சம்பந்தப்பட்ட இடங்களில் நான் பெரும்பாலும் வினையைப் பிரித்து எழுதுகிறேன். ‘செயலாளர் குழுவின் அதிகாரங்களை யூசர்ப் செய்தார்’ என்பதை, ‘குழுவுக்குரிய அதிகாரங்களைச் செயலாளர் தம்முடையதாக்கிக்கொண்டார்’ என்று எழுதிப் பாருங்கள். ‘குழுவுக்குரிய’ என்பதில் உரியவர் வந்துவிடுகிறார், ‘தம்முடையதாக்கிக்கொண்டார்’ என்பதில் எடுத்து ஆள்வது வந்துவிடுகிறது. அபகரித்தார் என்ற சொல்லைவிட இதில் சூடு குறைவுதான், ஆனால் ஒரு சங்கத்தின் கூட்டக் குறிப்புக்கு இந்தச் சூடு போதும்.

அந்த மெய்ப்புக்கே திரும்பி வருகிறேன். தேர்தல் வாக்கியத்தில் யூசர்ப்பை அடித்துவிட்டு ‘கேம் டு பவர்’ என்று எழுதினோம். அதே கையெழுத்துப் படியில் நாற்பது பக்கம் தள்ளி, சிறுவனான இளவரசனுக்குக் காவலாக இருந்த சிற்றப்பன் ஒருவன் தானே முடிசூட்டிக்கொண்ட பழைய கதை வந்தது. மூலத்தில் ‘அரசை அபகரித்தான்’. மொழிபெயர்ப்பில் வெறுமனே ‘பிகேம் கிங்’ என்று இருந்தது. தம்பி அதைப் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் எதுவும் சொல்லவில்லை. முன்பக்கத்தில் அடித்த சொல்லை அவரே எடுத்து இங்கே ஓரத்தில் எழுதி, ஒரு வளையம் போட்டு, வாக்கியத்துக்குள் கோடு இழுத்துவிட்டார்.